ஏரியின் பச்சையும் நமது கடமையும்

(பீர்க்கன்கரணையில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நான் ஏதேனும் பேசவேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் பணித்தபோது, பிள்ளைகளின் கல்வியைப் பற்றியோ, விவாகச் செலவைச் சுருக்குவதைப் பற்றியோ நான் பேசுவேனென்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவ்விஷயங்களைக் குறித்து என்னினும் வல்லவர்கள் இம்மேடையிலே பலமுறை பேசியிருக்கிறார்கள். நானோ நமதூர் ஏரியைப் பற்றியும், இவ்வட்டாரத்து ஏரிகளின் மிகுதி நீர் சென்று சேரும் அடையாற்றைப் பற்றியும், அவற்றைக் காப்பதற்கு அரசாங்கத்தார் வகுக்கவேண்டிய விதிகளைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லக் கருதி வந்திருக்கிறேன். குலச்சங்கத்தில் சாக்கடைப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். என் பேச்சு முடியுமுன் அதற்கு விடை கிடைக்குமென்று நம்புகிறேன்.

நம்மில் வயது முதிர்ந்தவர்கள் ஏரிப்பாசனத்தை அறிவார்கள். என் தகப்பனார் காலத்தில், கோடையில் ஏரி வற்றியதும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய், அடியில் படிந்த வண்டலை வெட்டி வந்து வயலிலே கொட்டுவோம். சிறுவனாயிருந்த நான் அவ்வண்டியின் பின்னே நடந்திருக்கிறேன். அந்த வண்டல் கறுத்துக் குழைவாயிருக்கும். "இது ஒரு வண்டி அடித்தால் எருவுக்குச் செலவில்லை" என்பார் என் தகப்பனார். மழைநீரோடு ஏரிக்கு வந்து சேர்ந்த சத்து, வண்டலாகி மீண்டும் வயலுக்குப் போயிற்று. நெல்லாயும் வைக்கோலாயும் வீட்டுக்கு வந்தது. சாணமாகித் திரும்பவும் நிலத்தை அடைந்தது. இந்தச் சக்கரம் ஓடியவரையில் ஏரியும் கெடவில்லை, வயலும் இளைக்கவில்லை.

இன்று வயல்கள் மனைகளாயின. வண்டியும் இல்லை, வண்டல் வெட்டுவாரும் இல்லை. ஆனால் சத்து வந்து சேர்வது மட்டும் நிற்கவில்லை. குடிகள் பெருகப் பெருக அதுவும் பன்மடங்கு பெருகிற்று. நீர் தெரியாதபடி பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் காட்சியை நாம் எத்தனையோ ஆண்டுகளிற் கண்டிருக்கிறோம். வெங்காயத்தாமரை என்பதும் அதுவே. ஆட்களை வைத்தும் இயந்திரத்தை வைத்தும் அதை அள்ளிக் கரையிலே போடுகிறார்கள். சில மாதங்களில் அது மறுபடியும் படர்ந்துவிடுகிறது. செடியைக் குறை கூறி என்ன பயன்? அதற்கு உணவிட்டு வளர்ப்பவர்கள் நாமே.

அவ்வுணவு யாதெனில், உழவர்கள் தழைச்சத்து என்றும் மணிச்சத்து என்றும் சொல்லும் இரண்டு பொருள்களே. ரசாயன நூலார் முன்னதை நைட்ரஜன் என்பர். பின்னதைப் பாஸ்பரஸ் என்பர். இவை விஷங்கள் அல்ல. இவையின்றி ஒரு நெல்மணியும் விளையாது. நமது எலும்பும் தசையுங்கூட இவற்றால் ஆனவை. ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இவற்றின் விஷயத்தில் அட்சரம் பிசகாத உண்மையாகும். நிலத்தில் இருக்கவேண்டிய சத்து நீரில் மிகுந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் கட்டின்றி வளர்கின்றன. அவை மடிந்து அடியிற் படிந்து அழுகும்போது, நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவழித்துவிடுகின்றன. பாசி மண்டிய நீரில் பகலிலே பிராணவாயு மிகுந்திருந்தாலும், விடியற்காலையில் வெகுவாகக் குறைந்துபோகும். ஆகவேதான் மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையிற் செத்து மிதக்கின்றன. பின்பு துர்நாற்றமும் கொசுவும் பெருகுகின்றன. அன்றியும், பெருமழை வருங்காலத்தில் இச்செடிக் கூட்டம் மிதந்து சென்று மதகையும் பாலத்தின் கண்ணையும் அடைக்கும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கியதை மறவாத நமக்கு, நீர் போகும் வழி அடைபடுவதென்றால் என்னவென்று எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இச்சத்து எங்கிருந்து வருகிறது? உழவு மிகுந்த ஜில்லாக்களில் வயலிற் கொட்டும் ரசாயன உரம் முக்கிய காரணம். நம் பக்கத்திலோ வயல் அருகிப்போனதால் வீட்டுக் கழிவே முதற் காரணம். ஒரு மனிதன் ஓராண்டில் கழிப்பதில் ஏறத்தாழ 4 கிலோ தழைச்சத்தும், அரைக் கிலோ அளவுக்கு மணிச்சத்தும் உள்ளன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தழைச்சத்தின் பெரும்பகுதி சிறுநீரிலேயே இருக்கிறது. பாஸ்பேட் கலந்த சலவைத் தூளும், மாட்டுக் கொட்டகையின் கழுநீரும், கலியாண மண்டபங்களின் எச்சிற் சோற்று நீரும் இதனோடு சேருகின்றன. அடையாறோ ஆதனூர் ஏரிப் பக்கத்தில் தோன்றி, ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடிப் பட்டினப்பாக்கத்தின் அருகே கடலிற் கலக்கும் சிற்றாறு. மழைக்காலம் நீங்கலாக அதில் சுயமான நீர் மிகக் குறைவு. ஆதலால் நாம் விடுவது கலந்து கரைந்து போவதற்கு அங்கே இடமில்லை.

தாய்மார்கள் கவனிக்கவேண்டிய வேறொரு சங்கதியும் உண்டு. கழிவுத்தொட்டியிலிருந்து மண்ணுக்குள் கசியும் தழைச்சத்து, நைட்ரேட் என்னும் உருவம் கொண்டு கிணற்றிலும் ஆழ்குழாயிலும் சேர்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்திய நியமம். மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். காய்ச்சினால் இது போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு மிகவே செய்யும். பச்சிளங்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கும் வீடுகளில் கிணற்று நீரைப் பரிசோதித்த பின்னரே உபயோகிப்பது நலம்.

நிற்க. பிற தேசத்தார் இவ்விஷயத்தில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். வங்காளத்திலே ஆகாயத்தாமரை ஆற்றையும் வயலையும் மூடியபோது, அங்குள்ள அரசாங்கத்தார் 1936ஆம் ஆண்டில் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றினர். நிலம் உடையவர்கள் செடியை அழிக்கவேண்டுமென்பது அதன் நோக்கம். சட்டம் வந்தது, செடி ஒழியவில்லை. செடியோடு போராடிய அச்சட்டம், செடியின் உணவைப் பற்றி ஒன்றும் செய்யவில்லை.

கனடா தேசத்தில் 1973ஆம் ஆண்டில் டேவிட் ஷிண்ட்லர் என்னும் விஞ்ஞானியும் அவருடைய கூட்டத்தாரும் ஒரு பரீட்சை செய்தார்கள். 226ஆம் எண்ணிட்ட ஒரு சிற்றேரியைத் திரையினால் நடுவே இரண்டாகப் பிரித்தார்கள். இரு பகுதியிலும் கரியும் தழைச்சத்தும் சேர்த்து, ஒரு பகுதியில் மட்டும் மணிச்சத்தையும் சேர்த்தார்கள். அந்தப் பகுதி பச்சையாயிற்று; மற்றது தெளிந்தே இருந்தது. நன்னீர் ஏரிக்கு மணிச்சத்தே திறவுகோல் என்பது இதனால் யாவருக்கும் விளங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டாகிய 1972இலேயே அமெரிக்காவும் கனடாவும் பெரிய ஏரிகளைக் காப்பதற்கென்று ஓர் உடன்படிக்கை செய்து, சலவைத் தூளிலும் கழிவுநீரிலும் மணிச்சத்தைக் குறைக்க முற்பட்டன. ஸ்விட்சர்லாந்தில் சலவைத் தூளில் பாஸ்பேட் சேர்ப்பதை 1986இல் தடுத்தார்கள். ஐரோப்பியக் கூட்டுறவு நாடுகள் 1991ஆம் ஆண்டின் உத்தரவினால், எளிதிற் கெடக்கூடிய நீர்நிலைகளில் பெரிய ஊர்கள் விடும் கழிவுநீரில் மணிச்சத்து லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராமுக்கும், தழைச்சத்து 10 முதல் 15 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்று விதித்தன. 2024இல் அவ்விதி இன்னும் கடுமையாக்கப்பட்டது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தருகே வாஷிங்டன் ஏரி என்று ஒன்று உண்டு. சுற்றியுள்ள ஊர்களின் கழிவுநீர், சுத்திகரிக்கப்பட்ட பின்னரே அதில் விழுந்தது. இருந்தும் ஏரி பாசி பிடித்தது. ஏனெனில் அழுக்கை நீக்கினார்களேயன்றிச் சத்தை நீக்கவில்லை. 1958ஆம் ஆண்டில் அவ்வூர் ஜனங்களே வாக்களித்துப் பொதுவான ஓர் அமைப்பை உண்டாக்கினர். 1963 முதல் 1968 வரையில் கழிவுநீர் முழுவதையும் ஏரியிலிருந்து திருப்பினர். சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. ஆனால் அவர்கள் நீரைத் திருப்பியது கடற்பக்கத்துக்கு. கடலையும் காக்கவேண்டிய நமக்கு அது முழு உதாரணம் ஆகாது. எனினும், உணவை நிறுத்தினால் ஏரி தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் என்பதற்கு அது சாட்சி.

இனி நம் தேசத்துக்கு வருவோம். நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் ஏற்பட்டது. சட்டமும் வாரியமும் இருந்தும் ஏரி பச்சையாயிருப்பதன் காரணங்களில் ஒன்று, நாம் எதை அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. பி.ஓ.டி. என்னும் ஓர் அளவையே அதிகாரிகள் பிரதானமாகப் பார்க்கிறார்கள். கழிவிலுள்ள அழுகும் பொருள் எவ்வளவு பிராணவாயுவைத் தின்னும் என்பதையே அது காட்டும். தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்திருந்தால் நாளை எவ்வளவு பாசி வளரும் என்பதை அது காட்டாது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எழுந்த பொது விதியில், உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரையிலும், கரைந்த பாஸ்பேட் 5 மில்லிகிராம் வரையிலும் இருக்கலாமென்று அனுமதி உண்டு. வீட்டுச் சாக்கடை நீரில், சுத்திகரிக்கும் முன்னரே அம்மோனியா பெரும்பாலும் அவ்வளவுக்குள்தான் இருக்கும். அப்படியானால் அவ்விதி தடுப்பது எதை?

2015ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தார் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் புதிய விதிகளின் நகல் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் மொத்த நைட்ரஜன் 10 மில்லிகிராம் என்று எல்லை இருந்தது. 2017ஆம் ஆண்டு அக்டோபரில் விதி முடிவாக வந்தபோது நைட்ரஜனைப் பற்றிய வரி அதில் இல்லை. பாஸ்பரஸுக்கும் எல்லை இல்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வழக்கு சென்றது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி அத்தீர்ப்பாயம், நைட்ரஜன் 10 மில்லிகிராம் என்றும், ஏரி குளங்களில் விடும் நீருக்குப் பாஸ்பரஸ் 1 மில்லிகிராம் என்றும் உத்தரவிட்டது. அரசாங்கம் விட்ட வரியை நியாயஸ்தலம் எழுதிச் சேர்க்க வேண்டியதாயிற்று. இதை நாம் யார் மேலும் துவேஷத்தினால் சொல்லவில்லை. அளக்காத பொருளை ஆளவும் இயலாது என்பதற்காகவே சொல்லுகிறோம்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். அதுவும் நியாயமானதே. "சாதாரணச் சுத்திகரிப்புக்கே பணம் போதவில்லை, தழைச்சத்தையும் மணிச்சத்தையும் நீக்குவதற்குப் பணம் ஏது?" என்று அதிகாரிகள் கேட்பார்கள். செலவு உண்டுதான். ஆயினும் வழி அரிதன்று. காற்றில்லாத தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வெறும் வாயுவாக்கி வெளியேற்றும். மணிச்சத்தையோ, நம் பாட்டிமார் கலங்கல் நீரைத் தெளிவிக்க இட்ட படிகாரத்தின் இனத்தைச் சேர்ந்த உப்புகளே அடியிற் படியச் செய்யும். அன்றியும், எல்லா இடத்திலும் சத்தை நீக்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. கிருமிகளை ஒழித்த பின்னர், அந்நீரை மரத்துக்கும் தீவனப் புல்லுக்கும் பாய்ச்சினால் சத்து நிலத்துக்கே போகும். ஆலைகளுக்கும் கொடுக்கலாம். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் தொடங்கிய நிலையங்கள், ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4½ கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றவாறு சுத்தம் செய்வதற்கென்று அமைக்கப்பட்டவை. செலவு செய்து விற்கத்தக்க பொருளை நாம் ஆற்றிலே கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நமது சங்கம் அரசாங்கத்தாருக்கும் தாம்பரம் மாநகராட்சியாருக்கும் பின்வரும் விண்ணப்பங்களைச் செய்துகொள்ளலாமென்பது என் அபிப்பிராயம்.

முதலாவது: ஏரியிலும் அடையாற்றிலும் விழும் ஒவ்வொரு கால்வாயிலும் தழைச்சத்து, மணிச்சத்து இரண்டையும் மாதந்தோறும் அளந்து, ஜனங்கள் அறியும்படி தமிழில் வெளியிடவேண்டும்.

இரண்டாவது: தேங்கிநிற்கும் ஏரிகளில் விழும் நீருக்கு, ஓடும் நீருக்குள்ளதைவிடக் கடுமையான எல்லை வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய இயலாதெனில், ஏரிகளிலிருந்து தொடங்கவேண்டும்.

மூன்றாவது: பாதாளச் சாக்கடை எல்லா வீடுகளையும் எட்டும்வரையில், கழிவுநீர் லாரிகள் இறக்குவதற்குப் போதிய நிலையங்கள் அருகிலேயே அமைக்கவேண்டும். கழிவுத்தொட்டிக் கழிவைக் குறித்து 2014இலேயே நம் ராஜ்ய அரசாங்கத்தார் நெறிமுறைகள் வகுத்திருக்கிறார்கள். லாரி இறக்கும் இடம் தூரமாயிருந்தால், இருட்டிலே கால்வாயில் திறந்துவிடும் ஆசை பிறக்கும்.

நான்காவது: சலவைத் தூளில் பாஸ்பேட்டின் அளவுக்கு எல்லை கட்டி, அதைப் பெட்டியின் மேல் அச்சிடச் செய்யவேண்டும்.

ஐந்தாவது: உரமானியத்தைச் சீர்செய்யவேண்டும். 2010இல் மற்ற உரங்களுக்குச் சத்தின் அளவுப்படி மானியம் வந்தபோது யூரியா விலக்கப்பட்டது. அது மிகவும் மலிவாயிருப்பதால் வேண்டியதற்கு மேல் இடப்படுகிறது. 2015இல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டுமென்று விதித்தது நல்ல காரியமே. அது மட்டும் போதாது.

இந்த ஐந்தையும் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புவது எளிது. இனி நான் சொல்லப்போவது அவ்வளவு எளிதன்று, சொல்லவும் நாணமாயிருக்கிறது.

நான் என் மனையில் வீடு கட்டி, மாடியைக் குடித்தனத்துக்கு விட்டபோது, கொத்தனார் ஒரு யோசனை சொன்னார். கழிவுத்தொட்டி நிரம்பி வழியும் நீருக்கு ஒரு குழாய் வைத்துத் தெருவிலுள்ள மழைநீர்க் கால்வாயில் விட்டுவிட்டால், அடிக்கடி லாரிக்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை என்றார். நானும் சம்மதித்தேன். அத்தெருவில் அநேகமாக எல்லோரும் அப்படியே செய்திருந்தார்கள். பதினோரு வருஷம் அந்தக் குழாய் ஓடிற்று. அவ்வளவு காலமும் ஏரிக்கரையில் நின்று, "இதைக் கேட்பாரில்லையே!" என்று அரசாங்கத்தை நொந்துகொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். என் பேத்தி ஒரு நாள் மழையில் கால்வாயோரம் நின்று, "தாத்தா, இந்தத் தண்ணி எங்கே போகுது?" என்று கேட்டாள். "ஏரிக்கு" என்றேன். "நம்ம வீட்டுக் குழாயும் அதிலேதானே விழுது?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்த வாரமே குழாயை அடைத்தேன். இப்போது லாரிக்குப் பணம் கொடுக்கிறேன். அது எனக்குப் பாரமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அது என் கணக்கிலுள்ள பாரம், ஏரியின் தலையில் ஏற்றியது அன்று.

சபையோர்களே! அத்தகைய குழாய் என் வீட்டில் மட்டும் இருந்ததில்லை என்பதை இங்கே அமர்ந்திருக்கும் பலர் அறிவார்கள். நாம் கூடியிருக்கும் இந்தக் கட்டிடத்தின் சமையற்கூடத்து நீர் எங்கே போகிறதென்று நாம் விசாரித்ததுண்டா? கடுமையான விதி வேண்டுமென்று கேட்போமாகில், அவ்விதி முதலில் நம் வாயிற்கதவைத்தான் தட்டும். அதற்கு உடன்படுகிறோமா என்பதே இன்று நம்முன் உள்ள கேள்வி.

மற்றொன்று. தக்க பாதுகாப்பின்றிக் கழிவுத்தொட்டியில் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தண்டிக்கிறது. 1993ஆம் ஆண்டின் சட்டம் கையால் மலம் அள்ளச் செய்வதைத் தடுத்தது. அப்படியிருந்தும் தொட்டிகளில் இறங்கி உயிர் நீப்போர் செய்தியைப் படிக்கிறோம். ஒரு குலத்தார் கழிப்பதை வேறொரு குலத்தார் இறங்கி அள்ளவேண்டுமென்ற பழைய அநீதிக்கு, குலத்தின் பெயரால் கூடும் சங்கங்களே முதலில் விடை சொல்லக் கடமைப்பட்டவை. நம் அங்கத்தினர் எவர் வீட்டிலும், லாரியின் குழாயன்றி ஒரு மனிதனும் தொட்டியில் இறங்கலாகாது. குலச்சங்கத்தில் இப்பேச்சு எதற்கு என்று தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இதுவே என் விடை.

ஆதலால் விண்ணப்பத்தோடு ஒரு பிரதிக்கினையையும் சேர்க்குமாறு பிரார்த்திக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டுக் குழாய் எங்கே விழுகிறதென்று தாமே பார்த்து எழுதித் தரவேண்டும். மழைநீர்க் கால்வாயில் விழுவனவற்றை அடைக்கவேண்டும். வசதியற்ற குடும்பங்களுக்குச் சங்க நிதியிலிருந்து கடன் கொடுக்கலாம். முதலில் இக்கட்டிடத்துக் குழாயைச் சீர்செய்வோம். அதன் பின்னர் அதிகாரிகளின் வாயிலில் நின்று கேட்கும்போது, நம் குரல் தடுமாறாது.

நமது பேரூராட்சி 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஊரின் பெயர்ப்பலகை மாறிற்று. ஏரி மாறவில்லை. அதன் கரையிலே நம் முன்னோர் வண்டல் வெட்டினர். நமக்கு வெட்ட வயல் இல்லை. ஆனால் அவர்கள் காத்த ஒழுங்கு ஒன்றை நாம் இப்போதும் காக்கலாம்: நிலத்தினுடையதை நிலத்துக்கும், நீரினுடையதை நீருக்கும் விட்டுவிடுவதே அது.